வெள்ளைக் கலர்

போன மாதம் எங்கள் டவுன் பஞ்சாயத்தின் புது சுகாதார ஆய்வாளர் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவர். அதன் இடது கை ஆடும் என்பதைக்கூட இன்னும் கண்டுபிடிக்காத அளவுக்குப் புதியவர். கம்பெனி பாட்டில்கள் லாரியில் வந்து இறங்குகின்றன, பள்ளிக்கூட வாசலில் பெட்டி பெட்டியாக அடுக்குகிறார்கள், பிள்ளைகள் மத்தியானச் சோற்றை விட்டுவிட்டு அதைக் குடிக்கின்றன, பல்லும் போகிறது வயிறும் போகிறது. அதனால் விற்கிற கடைகளுக்குக் கூடுதல் கட்டணம் போடலாம் என்று ஒரு தீர்மானத்துக்கு வரைவு எழுதிக் கொண்டுவந்திருந்தார். 'குளிர்பானங்கள் விற்கும் கடைகளுக்கு' என்று ஆரம்பித்தது முதல் வரி. வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் சார், தப்பா இருக்கா?"

"ஐஸ் பெட்டியில வைக்காம வெயில்ல வச்சு வித்தா என்ன செய்வீங்க? குளிரவே இல்லையே, இது எப்படிக் குளிர்பானம்னு ஒருத்தன் கேப்பானே?"

"அப்படி யாராவது கேப்பாங்களா சார்?"

கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள். கேட்க வைத்தவன் நான்தான். அதை எழுதிக் கொடுங்கள் சார் என்று அவர் சொல்லிவிட்டுப் போய் இருபது நாளாகிறது. இந்த இருபது நாளும் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் உட்காருகிற உடம்பில்லை என்னுடையது. சைக்கிள் மிதித்தே கழிந்த கால்கள். இன்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பயிற்சி ஒரே வருடம். கிணற்றுக்குக் குளோரின் எவ்வளவு, கொசு முட்டை எங்கே, கக்கூஸுக்கும் கிணற்றுக்கும் நடுவே எத்தனை அடி. அதற்கு மேல் நினைவில்லை. பிறகு ஊர் ஊராக அலைச்சல். விளாத்திகுளம் பக்கம் மிளகாய் வற்றல் காயும் களத்து நெடியில் தும்மித் தும்மி அம்மை குத்தின நாட்கள். புதியம்புத்தூரில் தையல் மிஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி மலேரியா மாத்திரை கொடுத்த நாட்கள். கடைசியில், எழுபதுகள் முடியப் போகிற சமயத்தில், கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் இந்த ஊர். பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது, ஊர் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

சித்திரை வந்துவிட்டால் இங்கே கரிசல் மண் வெடிக்கும். சைக்கிள் சக்கரம் விழுந்து மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வெடிப்பு. பருத்திமாறு பிடுங்கின காடுகளில் ஒரு பச்சை இருக்காது. வெயில் மட்டும் விளைந்து நிற்கும். கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக உப்பு மேலே வரும். அந்தத் தண்ணீரோடு பேதி வரும். பெரியவர்கள் இரண்டு நாள் படுத்து எழுந்துவிடுவார்கள். பிள்ளைகள் எல்லோரும் எழுந்ததில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது டாக்டர் எஸ்தர் அம்மா இருந்தார். ஒல்லியான ஆள். கறுப்புக் குடை. பேச்சு குறைவு. புடவைத் தலைப்பில் எப்போதும் ஓர் எவர்சில்வர் ஸ்பூன் முடிந்திருக்கும். முதல் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போனார். பேதியாகிற பிள்ளைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும் என்று அப்போதுதான் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தோம். நான் கையில் இருந்த அச்சுத் தாளைப் பார்த்து, "ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி சர்க்கரை" என்று தொடங்கினேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். கிணற்றில் ஒரு வாளி இறைக்கச் சொன்னார். தலைப்பை அவிழ்த்து ஸ்பூனால் ஒரு வாய் நாக்கில் விட்டுப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், கண்ணீர் எப்படி ருசிக்கும்?"

நான் அச்சுத் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

"அழுதிருக்கீங்கல்ல? உதட்டுல வந்து விழுந்திருக்கும்லா? அந்த உப்புக்கு மேல கூடிறக் கூடாது. இந்தத் தண்ணி ஏற்கெனவே பாதி கண்ணீரு. இதுல ஒரு சிட்டிகை போட்டா பிள்ளைக்கு ஆகாது. இந்தக் கிணத்துக்கு அரைச் சிட்டிகை. எழுதிக்கிடுங்க."

அப்படி ஒவ்வொரு கிணறாக ருசி பார்த்து ஒரு நோட்டில் எழுதினோம். கோயில் கிணறு ஒரு சிட்டிகை. கீழத்தெருக் கிணறு அரைச் சிட்டிகை. ஊருணிக்கரைக் கிணறு உப்பே வேண்டாம். ஒரு மழைக்குப் பிறகு எல்லாம் மாறிவிடும். மறுபடியும் ஸ்பூன், மறுபடியும் நோட்டு. "நாக்குதான் நம்ம லேப்" என்பார். கண்ணை அவர் நம்பமாட்டார். தெளிவாக இருக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர் என்று யாராவது சொன்னால் குடையால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஊருக்குப் போகிற எந்த நோட்டீசையும் முதலில் ஆயா குருவம்மாளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். குருவம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தனக்கு விளங்காததை விளங்கின மாதிரி நடிக்கவும் தெரியாது. நான் வந்த புதிதில் எழுதிய நோட்டீஸ் ஒன்று: 'நீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துப் பருகவும்.' ஆயா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"கொதிக்க வச்சு ஆற வச்சு எதுக்கும்மா பெருக்கணும்? சும்மா தண்ணி தெளிச்சுப் பெருக்குனா ஆகாதா?"

அம்மா சிரிக்கவில்லை. என் பேனாவை வாங்கி 'பருகவும்' மேல் ஒரு கோடு போட்டு 'குடிங்க' என்று எழுதினார். எனக்கு முகம் சுண்டிப்போனது. நான் அந்தக் காலத்தில் வசன கவிதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறவன். பெரும்பாலும் திரும்பி வரும். இருந்தாலும் தபால்காரருக்கு என்மேல் ஒரு மரியாதை உண்டு. 'பருகவும்' என்ற சொல்லில் ஒரு குளிர்ச்சி இருப்பதாக நினைத்தேன். ஆயா அதைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டாள்.

இனி கலர். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோலி சோடா பாட்டிலில் வெறும் தண்ணீரும் காற்றும் இருந்தால் அது சோடா. அதிலேயே ஒரு கரண்டி சர்க்கரைப் பாகும் ஒரு சொட்டு எசன்ஸும் ஒரு சொட்டுச் சாயமும் விட்டால் அது கலர். ஆரஞ்சுக் கலர், பச்சைக் கலர், திராட்சைக் கலர். கலர் என்பது இங்கே ஒரு மரியாதை. விருந்தாளி வந்தால் கலர். சம்பந்தம் பேச வந்தால் கலர். தீப்பெட்டி ஆபீசில் சம்பளம் போட்டால் அன்று கலர். ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளைப் பார்க்கப் போனால் கையில் கலர் இல்லாமல் போக முடியாது. சுகமில்லாத பிள்ளைக்கும் கலர்தான். கோலியை அமுக்கினதும் 'கீச்'சென்று கத்தும் அந்தச் சத்தத்துக்கே பிள்ளை ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்க்கும். பெற்றவளுக்கு அது போதும். தெளிந்துவிட்டது என்று நினைப்பாள். ஆனால் அத்தனை சர்க்கரை உள்ளே போனால், குடல் உடம்பில் மிச்சமிருக்கிற தண்ணீரையும் இழுத்து வெளியே விட்டுவிடும். ஒரு பாட்டில் உள்ளே போய் ஒன்றரைப் பாட்டில் வெளியே வரும். அந்தக் கோடையில் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே காலிப் பாட்டில்கள் நின்றன. பச்சை, ஆரஞ்சு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எஸ்தர் அம்மா ஒரு நாள் அந்தப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாசத்துல குடுக்கிறாங்க. பாசத்தத் திட்டினா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. விலைய ஒரு அஞ்சு பைசா ஏத்துவோம் இன்ஸ்பெக்டர். சோடாவுக்கு வேண்டாம், கலருக்கு மட்டும். வாங்கப் போற கை கொஞ்சம் தயங்கட்டும். அந்தத் தயக்கத்துல நம்ம உப்புச் சர்க்கரைத் தண்ணி ஞாபகத்துக்கு வரட்டும்."

வழி இருந்தது. சோடா கம்பெனி நடத்தப் பஞ்சாயத்து லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸ் கட்டணத்தை ஏற்றினால் விலை ஏறும். அந்த லைசன்ஸ் 'ஆபத்தான, அருவருப்பான தொழில்கள்' என்ற தலைப்பில் வரும். தோல் பதனிடுவது, எலும்பு குவிப்பது, வெடி மருந்து, அந்தப் பட்டியலில் சோடாவும். பாட்டில் வெடிக்கும் என்பதால் ஆபத்து. ஊரில் சோடா போட்டவர் மாடசாமி அண்ணாச்சி ஒருவர்தான். ஒவ்வொரு வருடமும் லைசன்ஸ் கொடுக்கும்போது அவர் மனம் நோவார்.

"சார், ஆபத்துங்கிறீங்க, ஒத்துக்கிடுதேன். இந்தப் புருவத்துல பாருங்க, பாட்டில் வெடிச்சுப் போட்ட தையல். அருவருப்புன்னு எப்படி சார் எழுதலாம்? ஊருக்கே ஏப்பம் குடுக்கிறவன் நான்."

தீர்மானத்தை எழுதுகிற வேலை எனக்கு வந்தது. அம்மா பதினைந்து நாள் பயிற்சிக்குச் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "குருவம்மாட்ட வாசிச்சுக் காட்டிட்டு அனுப்புங்க."

அன்று ராத்திரியே எழுதி முடித்துவிட்டேன். 'செயற்கை நிறமூட்டப்பட்ட பானங்கள் தயாரிப்போர்க்கு ஆண்டு உரிமக் கட்டணம் இருமடங்காகும். நிறமற்ற பானங்களுக்கு இவ்வுயர்வு பொருந்தாது.' நிறமூட்டப்பட்ட. நிறமற்ற. இரண்டும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது எனக்கு. கலர் என்ற இங்கிலீஷ் சொல்லைச் சட்டத்தில் எழுத எனக்கு மனமில்லை. அதற்கு நேர்த் தமிழ் நிறம். அவ்வளவுதான் யோசித்தேன். மறுநாள் காலையில் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சுகாதார நிலையத்தைத் தாண்டும்போது ஆயா வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா தாளு அது? வாசிங்க, கேப்போம்."

"இது உனக்கு வெளங்காது ஆயா. சட்டம்."

"அப்ப சரி" என்று தண்ணீரைத் தள்ளினாள். என் செருப்பு நனைந்தது.

தீர்மானம் நிறைவேறியது. ஊரிலும், இங்கிருந்து கலர் போகிற சுற்றுக் கிராமங்களிலும் தண்டோரா போட்டோம். அடுத்த வாரம் மாடசாமி அண்ணாச்சி கடைக்குப் போனேன். பெஞ்சில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பச்சையைக் காணோம். ஆரஞ்சைக் காணோம். எல்லாம் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தன. எல்லாரும் கலரை விட்டுச் சோடாவுக்கு மாறிவிட்டார்கள் என்று ஒரு நிமிடம் எனக்கு நெஞ்சு பூரித்தது. அண்ணாச்சி ஒரு பாட்டிலை எடுத்துக் கட்டைவிரலால் கோலியை அமுக்கி நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்க சார்."

தித்தித்தது. அதே பாகு, அதே எசன்ஸ். சாயம் ஒரு சொட்டு மட்டும் இல்லை.

"என்ன அண்ணாச்சி இது?"

"வெள்ளைக் கலர். நீங்க நிறத்துக்குத்தான சார் கட்டணம் போட்டீங்க? நான் நிறத்த எடுத்துட்டேன். சாயக் காசும் மிச்சம்." தட்டியில் சுண்ணாம்பால் எழுதியிருந்ததையும் காட்டினார்: 'வெள்ளைக் கலர். பஞ்சாயத்துக் கட்டணம் கிடையாது.'

பிறகுதான் உறைத்தது. இந்த ஊரில் கலர் என்ற சொல்லுக்கு நிறம் என்று அர்த்தமே இல்லை. இனிப்பு என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாததா? நானே எத்தனை வீட்டில் வாங்கிக் குடித்திருக்கிறேன்! பேனாவைத் தொட்டதும் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. சட்டப்படி அண்ணாச்சிமேல் ஒரு குற்றமும் இல்லை. அம்மா வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். நாலு நாள் அப்படியே விட்டேன். சிரிப்பாகக்கூட இருந்தது எனக்கு. வெள்ளைக் கலர் என்ற சொல்லை ரசித்தேன். அந்த நாலு நாளைத்தான் பிற்பாடு பல வருடம் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் திங்கள்கிழமை. அம்மா சென்னையிலிருந்து திரும்பி வந்து வார்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். பத்து மணி பஸ்ஸில் பசுவந்தனைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்து இறங்கினாள். சண்முகத்தாய் என்று பெயர். ஆட்டுக்கிடை போடுகிற குடும்பம். புருஷன் ஆடுகளோடு வெளியூர்க் காடுகளில் இருந்தான். தோளில் இரண்டு வயதுப் பெண் பிள்ளை, பேச்சி. தோளில் கிடந்தாள் என்பதைவிடத் தோளில் போட்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், துண்டு மாதிரி.

அம்மா பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது. மெதுவாக, மனமில்லாமல் படிந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. பிள்ளை அழுதது, அழுகையில் சத்தமில்லை, கண்ணீரும் இல்லை.

"எத்தன நாளா போகுது?"

"முந்தாநாத்துல இருந்தும்மா."

"ஒண்ணுக்கு எப்பப் போனா?"

"நேத்து மத்தியானம் போனதுதான். அதுக்கப்புறம் காணல."

"என்ன குடுத்த?"

சண்முகத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "கலர் குடுக்கலம்மா. கலர் ஆகாதுன்னு தண்டோராப் போட்டாகளே. நீங்க நல்லதுன்னு வரி போடாம விட்டியளே, அந்த வெள்ளைக் கலருதான் குடுத்தேன். நாலு பாட்டிலு. நீங்க பேதிக்குக் குடுக்கச் சொன்ன தண்ணி அதுதானம்மா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

வரி என்பது காசு சம்பந்தப்பட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றுதான் தெரிந்தது, அது பேசும். போட்டால் ஒன்று சொல்லும்; போடாமல் விட்டால் அதைவிடச் சத்தமாக ஒன்று சொல்லும். பஞ்சாயத்து வரி போடாமல் விட்டதால் இது நல்லது என்று ஒரு தாய் கேட்டுக்கொண்டாள். அதைச் சொன்னது என் வாக்கியம்.

கோவில்பட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமென்றால் எங்கள் ஜீப் விளாத்திகுளம் போயிருந்தது. திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். அம்மா சலைன் ஏற்றப் பார்த்தார். இரண்டு தடவை ஊசி குத்தியும் நரம்பு அகப்படவில்லை. வற்றின கிணற்றில் ஊற்றைத் தேடுகிற மாதிரி இருந்தது. ஊசியை வைத்துவிட்டுச் சென்னையிலிருந்து கொண்டுவந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார். கொதித்து ஆறின தண்ணீரில் கரைத்து, ஸ்பூனால் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

"வாச்சு கட்டியிருக்கீங்கல்ல இன்ஸ்பெக்டர்? நீங்க நேரம் பாருங்க. நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. கக்கினா பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும். சண்முகத்தாய், நீ புகட்டு. நடுவுல ஒரு தடவ ஊசி போட்டுப் பாப்பேன்." பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இவ ஒண்ணுக்குப் போயிட்டான்னா பொழச்சா. அதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட வேற பேச்சுப் பேசக் கூடாது."

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஓரிடத்தில் உட்காராத நான். 'ஆச்சு' என்பேன். ஒரு ஸ்பூன். முள் ஒரு சுற்று சுற்றும். 'ஆச்சு.' ஒரு ஸ்பூன். ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. நிறமற்ற என்ற சொல் வெயிலில் எழுதியிருப்பது மாதிரி. பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். பத்து நிமிடம் பொறுத்தோம். அந்தப் பத்து நிமிடம் என் சர்வீசிலேயே நீளமானது. மறுபடியும் 'ஆச்சு.'

பன்னிரண்டு மணிவாக்கில் மாடசாமி அண்ணாச்சி ஓடி வந்தார். யாரோ சொல்லிவிட்டார்கள். சட்டைகூடப் போடவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், நான் என்னத்தக் கண்டேன்? நிறம்னு எழுதினீங்க, நிறத்த எடுத்தேன். இனிப்புன்னு எழுதியிருந்தா இனிப்ப எடுத்திருப்பேனே சார். எனக்கும் பிள்ளைக இருக்கு."

"சத்தம் போடாதீங்க அண்ணாச்சி."

"போலீசு வருமா சார்?"

குருவம்மா உள்ளேயிருந்து வந்து இடுப்பில் கை வைத்தாள். "ஏ மாடசாமி, இங்கன நின்னு ஒப்பாரி வைக்காத. போயி உன் தட்டியில எழுதியிருக்கிறத அழி. அப்புறம் ரெண்டு குடம் நல்ல தண்ணி கொண்டா. கோயில் கிணத்துத் தண்ணி. உன் பாகு அண்டாவுல மொண்டு வந்தியோ, குடத்த உன் தலையிலயே கவுத்திருவேன்."

போனார். தண்ணீர் கொண்டுவந்தார். தட்டியைச் சுரண்டின சுண்ணாம்பு கையில் ஒட்டியிருந்தது. பிறகு போகவும் மனமில்லாமல், இருக்கவும் துணிவில்லாமல் வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டார்.

ஒரு மணிக்கு மூன்றாவது தடவை ஊசி நரம்புக்குள் இறங்கியது. சலைன் பாட்டிலில் முதல் குமிழ் மேலே ஏறினதைப் பார்த்ததும் சண்முகத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் கை என்று அவளுக்குத் தெரியாது. ஸ்பூனையும் நிறுத்தவில்லை. இரண்டு மணிக்கு அம்மா மறுபடியும் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். தோல் முன்னைவிடக் கொஞ்சம் அவசரமாகத் திரும்பியது. வெளியே போய் ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு வந்தார். அதுதான் அவர் நம்பிக்கையைக் காட்டுகிற விதம்.

மூன்று மணிக்குப் பிள்ளையின் தலையை மாற்றி வைக்க வேண்டும் என்று சண்முகத்தாய் எழுந்து முதுகு நிமிர்ந்தாள். காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. "கொஞ்சம் நீங்க வச்சிக்கிடுதியளா?" என்று பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். ஊசி போட்ட கையை ஆயா பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அம்மா என்னிடம் அந்தப் பேச்சை எடுத்தார். "தீர்மானம் பையில இருக்கா?"

இருந்தது. என் கைப்பிரதியை எடுத்துக் கொடுத்தேன்.

"குருவம்மா, கேளு" என்று வாசித்தார். நான் எழுதினதை எஸ்தர் அம்மாவின் குரலில் கேட்டேன். செயற்கை நிறமூட்டப்பட்ட பானங்கள். நிறமற்ற பானங்கள். ஆயா பிள்ளையின் கையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எதப் பத்தின சட்டம்மா?"

"கலரப் பத்தி."

"கலரா? கலருன்னு ஒரு வார்த்தைகூடக் காதுல விழலையே! என்னவோ சேலைக்குச் சாயம் போடுறவங்களுக்குன்னுல்ல நெனச்சேன்."

"கலருன்னா என்ன குருவம்மா?"

"என்னம்மா கேள்வி இது? இனிக்கும், பொங்கும், ஏப்பம் வரும். பச்சையா இருந்தா என்ன, பால் மாதிரி இருந்தா என்ன? இனிச்சா கலரு. இனிக்கலேன்னா சோடா."

அம்மா தாளைத் திருப்பி என்னிடம் நீட்டினார். வெற்றுப் பக்கம் மேலே இருந்தது. "அப்படியே எழுதுங்க" என்றார். திட்டவில்லை. பத்து வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். அந்த நாளைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் பேசினதில்லை. திட்டியிருந்தால் நான் எங்காவது மறந்திருப்பேன்.

மடியில் பேச்சி, முழங்காலில் தாள். எழுதினேன்: 'குடித்தால் இனிக்கிற எந்தச் சோடாவுக்கும், அது எந்த நிறமாக இருந்தாலும், நிறமே இல்லாவிட்டாலும், கட்டணம் இரண்டு மடங்கு. இனிக்காத சோடாவுக்கு இல்லை. வரி இல்லாதது எல்லாம் மருந்து இல்லை. பேதியாகிற பிள்ளைக்குக் கலரும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். உப்புச் சர்க்கரைத் தண்ணி கொடுங்கள்.' என் வாழ்நாளில் எழுதினதிலேயே அலங்காரமில்லாத வரிகள் அவை.

கடைசி வார்த்தைக்குப் பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது தொடையில் ஏதோ சூடாகப் பரவியது. முதலில் எனக்கு விளங்கவில்லை. சலைன் கசிகிறது என்று நினைத்து மேலே பார்த்தேன். சூடு முழங்காலுக்கு வந்து தாளின் ஓரத்தை நனைத்துக் கீழே சொட்டியது. ஆயாதான் முதலில் கண்டாள்.

"ஏட்டி! ஏட்டி பேச்சி! பேஞ்சிட்டியாட்டி என் ராசாத்தி! அம்மா, இங்கன வாங்க! இன்ஸ்பெக்டரு காக்கிய நனைச்சிட்டாம்மா!"

சண்முகத்தாய் ஓடி வந்தாள். வந்தவள் பிள்ளையைத் தூக்கவில்லை. என் நனைந்த கால்சட்டையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாளோ அழுதாளோ, இரண்டும்தான். வேப்பமரத்தடியிலிருந்து, "என்ன சார்? என்னாச்சு சார்?" என்று அண்ணாச்சி குரல் கொடுத்தார். "மழ பேஞ்சிருச்சு மாடசாமி, வீட்டுக்குப் போ" என்று ஆயா ஜன்னல் வழியாகக் கத்தினாள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அப்படி ஓர் ஈரத்தில் அப்படி ஒரு நிம்மதியோடு நான் அதற்கு முன்னும் உட்கார்ந்ததில்லை, பின்னும் இல்லை.

எஸ்தர் அம்மா வந்து பிள்ளையைக் கிள்ளிப் பார்த்தார். நாக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் முழங்காலில் ஒட்டிக்கிடந்த தாளை ஓரத்தைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பேச்சி கையெழுத்துப் போட்டுட்டா" என்றார். "நகல் எடுத்து அனுப்பிருங்க."

அடுத்த கூட்டத்தில் அந்த வார்த்தைகள் அப்படியே தீர்மானமாயின. கலர் விலை ஏறியது. மாடசாமி அண்ணாச்சி ஒரு மாதம் புலம்பினார். பிறகு வெறும் சோடாவில் எலுமிச்சையும் உப்பும் போட்டு விற்க ஆரம்பித்தார், அதுவும் ஓடியது. தீர்மானத்தால் கலர் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். கல்யாணத்துக்கும் சம்பந்தத்துக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வார்டில் கட்டிலுக்குக் கீழே நின்ற பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பேச்சி ஐந்தாம் நாள் பஸ் ஏறிப் போனாள், தாயின் இடுப்பில், நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

தம்பி, உங்கள் தாளில் 'குளிர்பானங்கள்' என்பதை அடித்துவிட்டு யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். குருவம்மா இப்போது இல்லை, ஆனால் வராந்தா கழுவ ஒருத்தி இருப்பாள். நேரம் கிடைத்தால் பழைய பீரோவில் அந்தக் கோப்பைத் தேடுங்கள். மூலத் தாள் உள்ளேதான் இருக்கிறது. கீழ் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கறை. அது நிறமுள்ளதுதான். ஆனால் அதற்குக் கட்டணம் கிடையாது.